மேற்குச் சுவருக்கு நான்கு கல்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னை நல்லவளாகக் காட்ட எதையும் மறைக்க மாட்டேன். பிறரைக் கெட்டவர்களாகக் காட்ட எதையும் கூட்டிச் சொல்லவும் மாட்டேன். நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்பில் செல்வராணி அக்காவை அறிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, எங்காவது நான் தவறியிருந்தால் என் வீட்டுக்கே வந்து சொல்லலாம்.

செய்தி வந்தபோது நான் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு டியூஷன் வகுப்பில் இருந்தேன். மே மாதம். பத்தாம் வகுப்புப் பாடத்தை விடுமுறையிலேயே தொடங்கியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் குரல் செய்தி வந்தது. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஏட்டி மலரு, ராணி போயிட்டா. மத்தியானம் வந்து படுத்தவ எந்திரிக்கவே இல்ல. கீழ பேக் தைக்கிறவங்கதான் ஏணில ஏறிப் பாத்திருக்காவ. நீ கிளாஸ் முடிச்சிட்டே வா. வெயில்ல ஓடிவராத."

எனக்கு உடனே அழுகை வரவில்லை. எங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்துக்குள் பூட்டி வைத்திருந்த நீல டிரம்தான் கண்ணுக்குள் வந்தது. அது ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ராணி அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. காலை ஐந்து மணி முதல் மதியம் வரை பழைய பேப்பர் கோடவுனில் தாள்களைத் தரம் பிரிக்கும் வேலை. குடியிருந்தது ஒரு பேக் தைக்கும் பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். அதை இங்கே மாலா என்போம். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் போகவேண்டும். அந்த அறையின் மேற்குப் பக்கம் வெறும் தகரம். அக்கா வேலை முடிந்து வந்து படுக்கிற நேரமும் வெயில் அந்தத் தகரத்துக்கு வருகிற நேரமும் ஒன்று.

நாங்கள் பழகியது புத்தகத்தால். தமிழர்கள் அதிகம் வாழும் மாட்டுங்காவில் வயதானவர்கள் இறந்துபோனால் அவர்கள் சேர்த்து வைத்த தமிழ்ப் புத்தகங்கள் எடைக்கு வந்துவிடும். வீட்டில் வாசிக்க ஆள் இருக்காது. அக்கா அவற்றை எனக்காகத் தனியே எடுத்து வைப்பார். "நான் எழுத்துக் கூட்டுததுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். நீ மடமடன்னு படிக்க. கொண்டு போ. படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துரு, எடை கொறஞ்சா சேட் கத்துவாரு" என்பார். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். கதை என்ன என்று கேட்பார். சொல்வேன். பாதியில், "அவளுக்குக் கூறே கெடையாது" என்று கதாநாயகியைத் திட்டுவார்.

போன வருடம் மே மாதத்தில் ஒரு நாள் புத்தகம் கொடுக்க ஏணியில் ஏறினேன். உள்ளே நிற்க முடியவில்லை. "மேக்குப் பத்ராவுல கைய வச்சுப் பாரு" என்றார். தகரத்தில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். அக்கா சிரித்தார். "இட்லிக் கொப்பரைக்குள்ள குடியிருக்கேன்டி. மூடி மட்டுந்தான் பாக்கி."

உள்பக்கம் செங்கல் சுவர் வைத்தால் சூடு வராதே என்று கேட்டேன். அதற்குக் கீழே இருந்து பதில் வந்தது. பட்டறைக்காரர் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கத்தினார்: "ஈட்டா மத் லகானா, மௌசி! சப் நீச்சே ஆ ஜாயேகா!" செங்கல் வைக்காதீர்கள் சித்தி, எல்லாம் என் தலைமேல் வந்துவிடும் என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். அந்த மாலா ஆளையும் பாயையும் தாங்கும், அவ்வளவுதான்.

பழைய பேப்பரைக் கூழாக்கி, சிமெண்டும் கொஞ்சம் மணலும் சேர்த்துக் கல் வார்க்கலாம் என்று நான் இணையத்தில் படித்தது அந்த மாதம்தான். எடை குறைவு, சூட்டைத் தடுக்கும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்போ இருவது வருசமா நான் வீட்டைத்தான் பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன், தெரியாம."

அக்கா இறந்த பிறகு பள்ளி விட்ட சுற்றறிக்கையில் அக்காவுக்கு நான் வழிகாட்டினேன் என்று போட்டிருக்கிறார்கள். வழி எதையும் நான் காட்டவில்லை. படித்துச் சொன்னேன். செய்தது அவர். வெறும் காலால் மிதித்தால் பேப்பர் கூழாகாது, நார் நாராகத்தான் வரும். ஒரு மெஷின் வேண்டும் என்று நான் சொன்னதும் ஒவ்வொரு பொருளாகத் தேடத் தொடங்கினார். ரசாயனம் வந்த நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பத்து முறை கழுவினார். பட்டறையில் ஒதுக்கிப் போட்ட தையல் மெஷின் மோட்டாரை வாங்கினார். பழைய லாரி ஸ்பிரிங்கின் பட்டை இரும்பை லேத் பட்டறையில் கொடுத்து, இரண்டு பக்கமும் கூராக்கி, நடுவில் துளை போட்டு பிளேடு ஆக்கினார். டிரம்மின் குறுக்கே ஒரு மரச்சட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் அந்த பிளேடு. மோட்டாரையும் தண்டையும் ஒரு பெல்ட் இணைத்தது. கோடவுனின் பின்மூலையை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்திக்கொள்ள சேட் அனுமதித்தார்.

முதல் நாள் மோட்டாரைப் போட்டதும் தண்ணீரும் பேப்பரும் ஒரே உருண்டையாகச் சுற்றின. பிளேடு நடுவில் சுற்றுகிறது, பேப்பரும் கூடவே சுற்றுகிறது, எதுவும் கிழியவில்லை. நான் போனை எடுத்து ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா டிரம்முக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வந்த புதிதில் அவர் இட்லி மாவு ஆட்டும் வீட்டில் வேலை செய்தவர்.

"கிரைண்டர்ல மாவத் தள்ளிவிட ஒரு பலகை நிக்கும்லா? அது இல்லன்னா மாவு கல்லோடயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். இதுக்கும் அதான் வேணும்" என்றார்.

அடுத்த வாரம் டிரம்மின் உள்சுவரில் மூன்று மரப்பட்டைகளை நெடுக்காகத் திருகி வைத்தார். பேப்பர் அவற்றில் மோதித் திரும்பி பிளேடுக்கு வந்தது. கால் மணி நேரத்தில் கஞ்சி போலக் கூழ் ஆனது. நான் போனில் தேடியது அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அதிலும் அதையேதான் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும் என்பதால் துணி அலசிய நீரைச் சேர்த்து வைத்து ஒருமுறை ஊற்றினோம். சோப்பு நுரை டிரம்மைத் தாண்டி வழிந்து கோடவுன் வாசல் வரை போனது. தெருவில் போன ஒருவர், "என்ன ராணிக்கா, லாண்டரி தொறந்துட்டியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் வார்த்த கல் காய்ந்தபோது இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது. எடை குறைவான கல் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அளவில் தவறே இல்லை. பேப்பர் இத்தனை கிலோ, சிமெண்ட் இத்தனை கிலோ என்று எழுதி வைத்து, கோடவுன் தராசிலேயே நிறுத்துப் போட்டோம். அக்கா அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எடை கூடவேண்டும் என்பதற்காகக் கோடவுனில் பேப்பர் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளிப்பது வழக்கம். தினமும் தெளிப்பது அக்காவும் அவரோடு வேலை செய்யும் பாக்கியம் அக்காவும்தான். நாங்கள் பேப்பர் என்று நிறுத்துப் போட்டதில் பாதிக்குப் பாதி தண்ணீர். பேப்பர் குறைந்து சிமெண்ட் கூடிவிட்டது.

"பேப்பர்காரிக்கே பேப்பர் எடை தெரியலையே!" என்றார் பாக்கியம் அக்கா.

"ஊரை ஏமாத்துத தராசுல நானே போய் ஏறிட்டேன், போ" என்றார் ராணி அக்கா. அன்றிலிருந்து எங்கள் பேப்பரைத் தனியே வெயிலில் உலர்த்தி நிறுத்தார்.

எந்தத் தாள் கூழாகும், எது ஆகாது என்பதை அவர் விரலால் கசக்கி, சத்தத்தைக் கேட்டுச் சொல்வார். பளபளப்பான கல்யாணப் பத்திரிகைகளை ஒதுக்கிவிடுவார். "தண்ணி குடிக்கிறதுதான் பேப்பர். குடிக்காதது பேப்பர் வேசம் போட்ட பிளாஸ்டிக்." ஒருநாள் தாள் போதாமல், எனக்கு எடுத்து வைத்திருந்த ஒரு பழைய நாவலைக் கையில் எடுத்தார். நான் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

"பொறவு என்ன? உள்ள போடு."

போட்டேன். அந்தப் புத்தகம் கலந்த கல்தான் நாங்கள் செய்ததிலேயே நல்ல கல்லாக வந்தது. ஒரு கையால் தூக்க முடிந்தது. அதை வெயிலடிக்கும் தகரத்தோடு ஒட்டி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இந்தப் பக்கம் கை வைத்துப் பார்த்தோம். சூடு இல்லை. அக்கா கையை எடுக்கவே இல்லை. மேற்குச் சுவர் முழுக்க வைக்க நூற்றைம்பது கல் வேண்டும் என்று கணக்குப் போட்டோம். ஒவ்வொரு கல்லும் காய மூன்று வாரம் ஆகும். மார்ச்சில் வார்த்தால் ஏப்ரலில் அடுக்கிவிடலாம், மே மாதத்துக்குள் சுவர் நின்றுவிடும். "இந்த மே மாசம் நான் மத்தியானம் ஒறங்கணும்டி. அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றார்.

அப்போது பிப்ரவரி. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. நான்தான் அறிவியல் சாரிடம் போய் மெஷினைப் பற்றிச் சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். சார் கோடவுனுக்கே வந்து பார்த்தார். வியந்துபோனார். "மாணவர்களே செய்ததாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். வெளி ஆள் உதவி என்று எங்கேயும் சொல்லிவிடாதே" என்றார். நான் தலையாட்டினேன்.

அக்காவிடம் போய், "ஒரே வாரம் அக்கா, கண்காட்சி முடிஞ்சதும் கொண்டாந்துருவேன்" என்றேன்.

"ஒரு வாரந்தான?"

"ஒரே வாரம்."

அவரே டிரம்மைக் கழுவித் துடைத்து, காய்ந்த கற்கள் பன்னிரண்டையும் சேர்த்துக் கைவண்டியில் ஏற்றி அனுப்பினார். பள்ளிக்குப் போனதும் டிரம்மின் மேல் வெள்ளை பெயிண்டில் பள்ளியின் பெயரும் என் பெயரும் எழுதப்பட்டன.

கண்காட்சி நாளன்று அக்கா கோடவுனுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கல்யாண வீட்டுக்குக் கட்டும் பச்சைப் புடவை. கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். நடுவராக வந்த அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார், இதைச் செய்ய யாராவது உனக்கு உதவினார்களா என்று. சார் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்க்கவில்லை. "நோ, மேடம்" என்றேன். பரிசும் சான்றிதழும் எனக்குக் கிடைத்தன.

வெளியே வந்ததும் அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "அந்த அம்மா என்னமோ கேட்டாவளே, என்னட்டி?" என்றார்.

"பிளேடு என்ன இரும்புன்னு கேட்டாங்க" என்றேன்.

"லாரி இரும்புன்னு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து சார் சொன்னார்: மெஷின் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது; அது ஜூனில் நடக்கும்; அதுவரை மெஷின் அறிவியல் கூடத்தில்தான் இருக்கவேண்டும்; பூட்டிச் சீல் வைத்தாயிற்று. நான், "அது அவங்களோடது சார், சுவர் கட்ட வேணும்" என்றேன். "வேறொன்று செய்துகொள்ளச் சொல். செய்யத்தான் தெரியுமே" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். மோட்டாருக்கும் டிரம்முக்கும் அக்கா எத்தனை மாதம் அலைந்தார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

அக்கா மூன்று முறை பள்ளிக்குப் போனார். முதல் இரண்டு முறையும் நானும் கூடப் போனேன். முதல் முறை வாசலில் இருந்த வாட்ச்மேன், "மௌசி, யே ஸ்கூல் கா மால் ஹை. நாம் லிக்கா ஹை, தேக்கோ" என்றார். பள்ளியின் பெயர் எழுதியிருப்பதால் பள்ளியின் பொருள்தான் என்கிறார். அக்கா தன் இந்தியில் சொன்னார்: "நாம் தும்ஹாரா, மோட்டர் மேரா." பெயர் உங்களுடையது, மோட்டார் என்னுடையது. வாட்ச்மேன் சிரித்துவிட்டார். கதவைத் திறக்கவில்லை.

இரண்டாம் முறை சார் வந்து பேசி, மறுபடி ஜூன் என்றே சொன்னார். திரும்பி வரும் வழியில் அக்கா நடுவில் நின்றார்.

"ஏட்டி, 'நோ'ன்னா எனக்கு வெளங்காதா? கோடவுன்ல ஒரு நாளைக்கு நூறு 'நோ' கேக்கேன்."

நான் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

"அழாத. பேர நீயே வச்சுக்கோ. பேர வச்சு நான் என்ன செவுரா எழுப்பப் போறேன்? மெஷின வாங்கிக் குடு. ஏப்ரல் வந்துட்டு."

அந்தச் சனிக்கிழமை இருவரும் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான் உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் மெஷின் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு நான் தூங்கவில்லை. உண்மையைச் சொன்னால் பரிசை ரத்து செய்வார்கள், வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அக்கா வாசலில் வந்து கூப்பிட்டபோது, காய்ச்சல் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா தனியாகப் போனார். தலைமை ஆசிரியை கூட்டத்தில் இருக்கிறார் என்று பன்னிரண்டு மணி வரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்களாம். திங்கட்கிழமை கோடவுனில் விடுப்புக் கிடைக்கவில்லை. அதன் பிறகு பள்ளி விடுமுறை விட்டுவிட்டார்கள். திரும்பும்போது எனக்காக இரண்டு சாத்துக்குடி வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். அக்கா ஒரு இரும்புத் தொட்டியில் ஊறிய பேப்பரைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சாம்பல் நிறம். அப்படி மிதித்து மிதித்து, இரண்டு வாரத்தில் நான்கு கல் வார்த்திருந்தார். நார் நாராக இருந்தன, ஓரங்கள் உதிர்ந்தன. "மீதி நூத்தி நாப்பத்தாறுதான்" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நானும் தொட்டிக்குள் இறங்குகிறேன் என்றேன். "காய்ச்சக்காரி, நீ இறங்காத" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. நான் தொட்டி ஓரத்தில் நின்றேன், அவர் மிதித்தார்.

செய்தி வந்த அன்று டியூஷனிலிருந்து வந்து ஏணியில் ஏறினேன். பாக்கியம் அக்காவும் இன்னும் சிலரும் உள்ளே இருந்தார்கள். சூரியன் இறங்கிய பிறகும் தகரம் சூடாகத்தான் இருந்தது. அந்த நான்கு கல்லும் மேற்குத் தகரத்தை ஒட்டி வரிசையாக நின்றன. அவ்வளவு இடம்தான் மறைந்திருந்தது. அக்கா அந்த நான்கு கல்லுக்கு நேராகத் தலை இருக்கும்படி பாயை விரித்திருந்தார்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சுவர் நின்றிருந்தால் அக்கா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. அந்த மெஷின் ஒரு வாரத்தில் திரும்பி வரவேண்டியது, வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்டது மத்தியானத் தூக்கம் என்பதும் தெரியும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம் அக்காவுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் நடத்தினால் நன்றாக இருக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். மாலை நேரம், வெளியே முதல் மழை. மேடையில் அக்காவின் படத்துக்கு ஒரு மாலை, மெஷினுக்கு ஒரு மாலை. பின்வரிசையில் கோடவுன் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர்கள் அக்காவை உழைப்பாளி என்றார்கள். குப்பையிலும் கனவு கண்டவர் என்றார்கள். நம் மாணவியின் கண்டுபிடிப்புக்கு ஊக்கமாக இருந்தவர் என்றார்கள். என்னிடம் சார் ஒரு தாளைக் கொடுத்திருந்தார், இரண்டு நிமிடம் வாசிக்க.

முதல் வரி, "எனது ஆய்வுக்குத் துணைநின்ற திருமதி செல்வராணி அவர்கள்" என்று தொடங்கியது. அதை வாசித்தேன். தாளை மடித்தேன்.

"இந்த மெஷின நான் செய்யல" என்றேன். "செல்வராணி அக்கா செஞ்சாங்க. யாராவது உதவினாங்களான்னு கேட்டப்போ நான் இல்லன்னு பொய் சொன்னேன். ஒரு வாரத்துல திருப்பிக் குடுக்கிறதா வாங்கிட்டு வந்தேன். அவங்க மூணு தடவை வந்து கேட்டாங்க."

அதற்குள் மைக் நின்றுவிட்டது. சார் எழுந்து வந்து, "உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள், நேரமும் ஆகிவிட்டது, அனைவருக்கும் நன்றி" என்று மைக் இல்லாமலே சொன்னார். முன்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன.

"பிள்ளையப் பேச விடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது.

நான் கத்திச் சொன்னேன். அக்கா எனக்கென்று எதையும் விட்டுப்போகவில்லை. புத்தகங்களைக்கூடப் படித்ததும் திருப்பி வாங்கிவிடுவார். அவருடையதாக இன்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவர் சம்பாதித்த சான்றிதழ், என் பெயர் போட்டது. எங்கள் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததை நான் கழற்றிவிட்டேன். ஆனால் கிழிக்க மாட்டேன். நான் செய்ததற்கு அது சாட்சி, அதை வைத்துக்கொள்வேன். இவ்வளவும் சொன்னேன். எத்தனை பேருக்குக் கேட்டது என்று தெரியாது.

பாதிப் பேர் வாசலைத் தாண்டியிருந்தார்கள். பாக்கியம் அக்காவும் மற்றப் பெண்களும் மட்டும் எதிர்ப்பக்கமாக, மேடையை நோக்கி வந்தார்கள். படியேறி டிரம்மைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மாலையைக் கழற்றி அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் சார்.

"மெஷின எடுத்துட்டுப் போறோம்."

"அதெல்லாம் முடியாதும்மா. அவங்கதான் இறந்துட்டாங்களே, இனிமே உங்களுக்கு எதுக்கு?"

"எங்களுக்கும் மேக்குப் பக்கம் பத்ராதான் சார்" என்றார் பாக்கியம் அக்கா. "நாங்க இன்னும் சாகல."

சார் கையை விரித்து, பள்ளிச் சொத்தை அப்படித் தர இயலாது, எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள், அடுத்த சுற்று முடிந்ததும் பார்க்கலாம் என்றார். பெண்கள் யாரும் நகரவில்லை. நானும் அவர்களுக்கிடையில் போய் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். உள்சுவரில் அக்கா திருகி வைத்த மரப்பட்டையில் என் விரல் பட்டது. சார் வாசல் பக்கம் திரும்பிப் பியூனிடம் ஏதோ கைகாட்டினார். நாங்கள் மேடையிலேயே நிற்க, முதலில் மேடை விளக்கை அணைத்தார்கள், பிறகு கூடத்தின் விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.